கோட்டுக்கு அக்கட்ட நிற்கும் ஒன்பதாம் நம்பர்

நம் பழைய மாணவர் சங்க மலரின் பழைய இதழ்களைப் புரட்டினால் டாக்டரானவர்கள், கலெக்டரானவர்கள், தென்னை நார் ஏற்றுமதியில் கொடிகட்டிப் பறக்கிறவர்கள் என்று பலரைப் பற்றிய கட்டுரைகள் கிடைக்கும். எல்லாருமே எழுதப்பட வேண்டியவர்கள்தான். இந்த ஆண்டு மலர்க் குழு என்னைக் கேட்டதும், பள்ளி ஃபுட்பால் அணியில் ஒன்பதாம் நம்பர் சட்டை போட்டிருந்த அண்ணனைப் பற்றித்தான் எழுதுவேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு அவரிடம் அனுமதியும் கேட்டேன்.

"எழுதிக்கோ சாமி. பேரு மட்டும் போட வேண்டாம். கூட ஆடுனவனுக பேரெல்லாம் போட முடியாதல்லோ? அப்புறம் என்ர பேரு மட்டும் எதுக்கு?" என்றார்.

ஆகவே பெயர் இல்லை. 1980களின் பிற்பாதியில் பொள்ளாச்சியில் நம் பள்ளியில் படித்தவர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. போன முறை ஊருக்குப் போயிருந்தபோது காந்தி சிலைப் பக்கம் ஒரு டீக்கடையில் நம் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். பேச்சு அண்ணனைப் பற்றி வந்தது. "எப்படி ஆடுன மனுசன்! இப்பப் பாரு, எவனோ ஒரு கோச்சுக்குக் கீழ கோன் எடுத்து வெச்சுட்டுத் திரியறாரு. பாவம்" என்றார் அவர். கோன் என்றால் பயிற்சிக்கு எல்லை காட்ட மைதானத்தில் வைக்கிற பிளாஸ்டிக் கூம்பு. நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் எனக்கு அது சுருக்கென்றது. அண்ணன் ஃபார்வேர்டாக ஆடிய காலத்தைவிடத் துணைப் பயிற்சியாளராக இருக்கிற காலம்தான் பெரியது என்று நான் நினைக்கிறேன். அவர் கோல் போட்ட காலத்தில் பேப்பரில் பெயர் வந்தது. இப்போது செய்கிற வேலைக்கு எங்கேயும் பெயர் வருவதில்லை. வராத இடத்தில் எழுதி வைக்கத்தானே சங்க மலர் இருக்கிறது?

நம் மைதானத்தை நினைத்தால் எனக்கு முதலில் காற்றுத்தான் ஞாபகம் வரும். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று, மலை விட்டு வெளியே வந்ததும் பொள்ளாச்சிமேல்தான் பாயும். வைகாசிக் கடைசியில் பிடித்தால் ஆவணி வரைக்கும் விடாது. நம் மைதானம் கிழமேலாகக் கிடந்தது. மேற்குக் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு, கிழக்கே சத்துணவுக் கூடம். ஆடி மாதத்தில் கிழக்கிலிருந்து கோல் கிக் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உயரமாக எழும்பிய பந்து நடுக்கோட்டைத் தொடாமல் அந்தரத்தில் நின்று, அடித்தவன் பக்கமே திரும்பும். வெளியூர் அணிகள் முதல் பாதி முழுக்க இதோடு மல்லுக்கட்டியே ஓய்ந்து போவார்கள்.

அண்ணன் அந்தக் காற்றைக் கற்றுக்கொண்டுதான் ஃபார்வேர்டு ஆனார். காற்றுக்கு எதிராக ஆடும்போது மேலே போய் நிற்க மாட்டார். இருபது கெஜம் கீழே இறங்கி வந்து, தரையோடு வரும் பந்தை வாங்கி, பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிட்டுத் திரும்பி ஓடுவார். காற்று கூட வரும் பாதியில் கதையே வேறு. பின்னாலிருந்து தூக்கிப் போடும் பந்து எல்லாரும் நினைப்பதைவிடப் பத்தடி தள்ளித்தான் விழும். ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரன், தலையைத் தூக்கி "என் பந்து" என்று கத்தும்போதே அண்ணன் அவனைத் தாண்டி, பந்து உண்மையிலேயே விழப்போகிற இடத்துக்குக் கிளம்பியிருப்பார். "எதுக் காத்துல பந்தத் தரையோட தாட்டி உடு. கூடக் காத்துல அவசரப்படாத, பந்துக்கே அவசரம் இருக்குது" என்று எங்களுக்குச் சொல்லுவார். அப்போது அவர் பதினோராம் வகுப்பு. பயிற்சியாளர் புத்தி அன்றைக்கே இருந்திருக்கிறது.

அவர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நான் அவருக்கு இரண்டு வகுப்பு இளையவன், ஸ்டாப்பர். பிராக்டிஸில் அவரைப் பிடிக்கும் வேலையை பி.டி. மாஸ்டர் என்னிடம்தான் கொடுத்தார். கேலரியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர் அடித்த கோல்களைப் பார்த்தார்கள். நான் பார்த்தது கோலுக்கு முந்தின பத்து விநாடி.

பந்து அவர் காலில் இருந்தால் எனக்குப் பெரிய பயமில்லை. அவர் அவ்வளவு வேகமானவரும் இல்லை. பந்து மைதானத்தின் வேறு மூலையில் இருக்கும்போதுதான் சிக்கல். வலது ஓரத்தில் ஆடும் ரைட் அவுட் பந்தோடு கோட்டோரம் வருகிறான் என்று வையுங்கள். நான் பந்தைப் பார்த்தாக வேண்டும். அண்ணன் சரியாக என் இடது தோளுக்குப் பின்னால், கைக்கு எட்டாத தூரத்தில் வந்து நிற்பார். பந்தைப் பார்த்தால் அவர் தெரிய மாட்டார், திரும்பி அவரைப் பார்த்தால் பந்து தெரியாது. அங்கே நின்றுகொண்டு சாக்ஸை இழுத்து விடுவார். கோலியிடம் ஏதாவது கேட்பார். ஆட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி இரண்டு எட்டு தூரப் போஸ்ட் பக்கம் நடப்பார். நானும் ஒரு எட்டு பின்னால் போவேன். அவருக்கு வேண்டியது அந்த ஒரு எட்டுத்தான். ரைட் அவுட் கால் வீசுகிற அதே நொடியில் எனக்கு முன்பக்கமாக வெட்டி வருவார். பந்து, அவர், கோல். நான் அப்போதும் பின்னால் சாய்ந்துகொண்டிருப்பேன்.

பல வருஷம் கழித்து இங்கே தொலைக்காட்சியில் ஐரோப்பிய லீக் ஆட்டங்கள் பார்க்கும்போது, தடுப்பாட்டக்காரனின் பார்வை படாத பக்கத்தில் நிற்பது ஃபார்வேர்டுக்குப் பெரிய கலை என்று வர்ணனையாளர்கள் சொல்லக் கேட்டேன். எங்கள் அண்ணனுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ரைட் அவுட் என்றேனே, அவன் வால்பாறைப் பையன். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும் எஸ்டேட்டுகளிலிருந்து படிக்க வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவர்கள் நம் அணியில் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். பந்து அவர்கள் காலை விட்டு விலகாது. கேட்டால், எஸ்டேட் மைதானத்தில் பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைச் சரிவில் உருண்டு போய்விடும், போய் எடுத்து வருவதற்குள் இருட்டிவிடும் என்பார்கள். கீழ்நாட்டுக்காரர்களான நாங்கள் உதைத்துவிட்டு ஓடுகிற ஆட்டம் ஆடினோம். அவர்கள் காலோடு வைத்துக்கொள்கிற ஆட்டம் ஆடினார்கள். இரண்டையும் சேர்த்துத் தைத்தவர் பி.டி. மாஸ்டர். ஆட்டம் முடிந்ததும் வேகவைத்த பச்சைப்பயிறும் ஒரு துண்டு வெல்லமும் கொடுப்பார். அந்த வெல்லம், அண்ணனின் அய்யன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மண்டியிலிருந்து வந்தது.

அய்யனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாரதியார் தின விளையாட்டில் மண்டலத்தைத் தாண்டி மாவட்ட இறுதி வரைக்கும் போனோம். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம். அண்ணன் கோல் அடித்தார், மறுநாள் பேப்பரில் ஒரே ஒரு வரியில் பெயர் வந்தது. அய்யனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் பேப்பரை நீட்டிப் படிக்கச் சொன்னார். அவர் படித்ததும், "எந்த எடத்துலீங் இருக்குது?" என்று கேட்டு, காட்டிய இடத்தில் விரலை வைத்து அந்த வரியை இடமிருந்து வலமாகத் தடவிப் பார்த்தார். வியர்வையும் வெல்லப் பிசுக்கும் பட்ட விரல். அச்சு மை கலைந்து போயிற்று. நானும் அண்ணனும் மண்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் ஒன்றும் பேசவில்லை.

பிறகு கோவையில் கல்லூரி, பாரதியார் பல்கலைக்கழக அணி, அப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு அலுவலகத்தில் வேலை. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு ஃபுட்பால் என்றால் அலுவலக அணிகள்தான். இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., ரிசர்வ் வங்கி, சுங்கத் துறை, வருமான வரித் துறை என்று ஆபீஸ் ஆபீஸாக அணி இருந்தது. காலையில் பயிற்சி, பகலில் மேஜை, சாயங்காலம் லீக் ஆட்டம். ஊர்ப்பக்கத்துப் பையனுக்கு ஃபுட்பால் சோறு போடும் என்றால் அந்த வழியில்தான் போட்டது. மாநிலப் பயிற்சி முகாமுக்கும் அவரைக் கூப்பிட்டார்கள்.

1992இல் விதி மாறியது. தன் அணிக்காரன் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தைக் கோலி கையால் எடுக்கக் கூடாது என்று வந்தது. அதுவரைக்கும் கோல் கணக்கில் முன்னால் போகிற அணி, பந்தைக் கோலிக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவிலேயே உருட்டிப் பொழுதைப் போக்கும். ஃபார்வேர்டு சும்மா நிற்க வேண்டியதுதான். புது விதி வந்த கொஞ்ச நாளில் அண்ணனிடமிருந்து எனக்கு இன்லேண்டு லெட்டர் வந்தது. நலம், நலமறிய ஆவல் எல்லாம் ஒரே வரி. மீதி முழுக்க அந்த விதிதான். இனிமேல் ஃபார்வேர்டு தடுப்பாட்டத்திலும் முதல் ஆள், கோலியைத் துரத்தினால் அவன் பயத்தில் உதைப்பான், அவன் எந்தக் காலால் உதைப்பான் என்று முன்னாலேயே தெரிந்தால் பாதிப் பந்து நமக்கு என்று எழுதியிருந்தார். ஓரத்தில் பென்சிலால் மைதானம் வரைந்து, துரத்த வேண்டிய பாதையை வளைவாகக் காட்டியிருந்தார். நேராகத் துரத்தினால் கோலிக்கு இரண்டு பக்கமும் திறந்திருக்கும். வளைந்து துரத்தினால் ஒரு பக்கம் அடைபடும். சென்னை லீக்கில் எத்தனை ஃபார்வேர்டுகள் அந்த விதியை அப்படி உட்கார்ந்து யோசித்திருப்பார்கள்?

1993இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் நேரு கோப்பைப் போட்டி நடந்தது. வட கொரியா கோப்பையைக் கொண்டுபோனது. அண்ணன் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து, அவர்கள் பந்து இல்லாத நேரத்தில் எப்படி ஓடுகிறார்கள் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

விளையாட்டு வாழ்க்கையின் முடிவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காய்ந்த தரையில் ஒரு லீக் ஆட்டம். தடுப்பாட்டக்காரன் யாரும் கிட்டக்கூட இல்லை. பூட்ஸ் அடியில் இருக்கும் ஸ்டட் மண்ணில் மாட்டி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து, ஒரு வருஷம் போல் ஆகித் திரும்ப வந்தார். இரண்டாம் பாதியில் இறக்கினார்கள். பிறகு அதுவும் குறைந்தது. அந்தச் சமயத்தில் பாலக்காடு, மலப்புறம் பக்கத்து செவன்ஸ் ஆட்டங்களுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அறுவடை முடிந்த வயலில் கேலரி கட்டி, ராத்திரி வெளிச்சத்தில் ஏழு பேர் ஏழு பேராக ஆடுவது. நல்ல காசு, பெரிய கூட்டம். பதிவு பெற்ற அணியில் இருக்கிறவர்கள் அங்கே ஆடக் கூடாது என்று கட்டுப்பாடு உண்டு, ஆனாலும் வேறு பெயரில் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அண்ணன் பார்க்கப் போவார், ஆட மாட்டார். வேறு பெயர் வைத்துக்கொள்ள அவருக்கு மனம் ஒப்பவில்லை.

அலுவலகத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் வந்தார். காலையில் பையன்களுக்குப் பயிற்சி, பத்து மணிக்கு ஆபீஸ். ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸ், பிறகு சி லைசென்ஸ். வகுப்புகள் ஆங்கிலத்தில். பகலில் கேட்டதை ராத்திரி தமிழில் எழுதிப் பார்த்து, மறுநாள் தேர்வில் மைதானத்தில் செய்து காட்டுவார். பின்பு ஒரு கிளப்பில் துணைப் பயிற்சியாளர் வேலை வந்தபோது, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பென்ஷன் குறையும், பதவி உயர்வு போகும், உனக்குப் பைத்தியமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவருடைய அம்மிச்சி மட்டும், "போறவன உடுங்க. அவன் மொகரையே பத்து வருசமா ஆபீசுல சரியில்ல" என்றாராம்.

ஃபார்வேர்டுகள் பயிற்சியாளரானது நம் நாட்டில் புதிதில்லை. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியா தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியபோது ஒரு கோல் அடித்த பி.கே. பானர்ஜி, பின்னாளில் கல்கத்தாவின் மிகப் பெரிய பயிற்சியாளர்களில் ஒருவரானார். நம் தமிழ்நாட்டில் சைமன் சுந்தரராஜ் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோல் அவருடையது என்பார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோலும் அதுதான், ஏனென்றால் அதற்குப் பிறகு நாம் தகுதி பெறவே இல்லை. அதே சைமன் சுந்தரராஜ்தான் 1973இல் கேரளத்துக்குப் பயிற்சியாளராக இருந்தார். எர்ணாகுளத்தில் நடந்த இறுதியில் ரயில்வே அணியை 3-2 என்று வென்று, கேரளம் முதல் முறையாக, மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபியைத் தூக்கியது. மூன்று கோலும் கேப்டன் மணி அடித்தது. கேரளத்தில் அந்த மூன்று கோலைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தமிழரைப் பற்றி நாம் பேசினால் என்ன? அண்ணன் அவர் கதையை எங்கள் பி.டி. மாஸ்டர் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். நம் காலத்திலேயே, இந்தியன் வங்கியின் ஃபார்வேர்டாக இருந்த சையத் சபீர் பாஷா, சென்னையின் எஃப்.சி. என்ற கிளப்பில் துணைப் பயிற்சியாளராக இருந்து, 2022இல் தலைமைப் பயிற்சியாளர் போன பிறகு மீதி ஆட்டங்களுக்கு அணியைத் தாங்கினார். துணை என்ற சொல்லைக் கீழாக நினைப்பவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, துணைப் பயிற்சியாளர் என்னதான் செய்கிறார்?

மைதானத்துக்கு வெளியே, கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு கட்டம் வரைந்திருப்பார்கள். அதற்குள் எழுந்து நின்று ஆட்டக்காரர்களுக்கு வழி சொல்ல ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. தலைமைப் பயிற்சியாளர் நின்றால் துணையாள் உட்கார வேண்டும். பதினெட்டு வயதில் மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்த மனிதர், இப்போது பெரும்பாலும் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த நோட்டை நான் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எதிரணி ஸ்டாப்பர் வலப்பக்கம் திரும்பும்போது எத்தனை எட்டு எடுக்கிறான், இடப்பக்கம் எத்தனை. கார்னரில் எவன் ஆளைப் பிடிக்கிறான், எவன் இடத்தைக் காக்கிறான். நம் பையன் எவன் மூச்சு வாங்கும்போது இடுப்பில் கை வைக்கிறான், எவன் முட்டியில் வைக்கிறான். முட்டியில் கை வைத்தால் இன்னும் பத்து நிமிஷம்தான் தாங்குவானாம்.

மாற்று ஆட்டக்காரனை இறக்குவதற்கு முன்னால் அண்ணன் அவன் பக்கத்தில் போய் நிற்பார். இரண்டே விஷயம்தான் சொல்லுவார், மூன்றாவது சொல்ல மாட்டார். கார்னர் வந்தால் நீ யாரைப் பிடிக்க வேண்டும், முதல் பந்து வரும்போது எங்கே நிற்க வேண்டும். சொல்லிவிட்டு, "எங்க, திருப்பிச் சொல்லு கண்ணு" என்பார். பையன் சொன்ன பிறகுதான் முதுகில் தட்டி அனுப்புவார்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது ஆட்டத்துக்கு மறுநாள் காலை. இருபத்தைந்து பேர் இருக்கிற அணி என்று வையுங்கள். பதினோரு பேர் இறங்குகிறார்கள். 2022 முதல் ஐந்து மாற்று வரை அனுமதி. அப்படியும் ஒன்பது பேர் காலில் மண் படாமல் திரும்புகிறார்கள். மறுநாள், முழு ஆட்டம் ஆடியவர்கள் மெதுவாக ஓடி, கை கால் நீட்டி மடக்கிவிட்டு ரூமுக்குப் போவார்கள். ஆடாதவர்களுக்கு அன்றைக்குத்தான் கடுமையான பயிற்சி. ஆட்டத்தில் கிடைக்காத ஓட்டத்தை அவர்கள் உடம்புக்குக் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் மூன்று வாரத்தில் சொத சொதவென்று ஆகிவிடுவார்கள். தலைமைப் பயிற்சியாளர் அந்நேரம் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பயிற்சி துணைப் பயிற்சியாளருடையது. கூட்டம் கிடையாது, பேப்பர்காரர்கள் கிடையாது. எதிரில் நிற்பவர்கள் அத்தனை பேரும், நேற்று நம்மை ஏன் எடுக்கவில்லை என்ற ஆங்காரத்தோடு நிற்பவர்கள்.

அப்படி ஒரு காலையை நான் நேரில் போய்ப் பார்த்தேன். அண்ணன் ஐந்தரைக்கே வந்து, எட்டு எண்ணி நடந்து கோன் வைத்துக்கொண்டிருந்தார். ஆமாம், டீக்கடையில் பார்த்தவர் சொன்ன அதே கோன். எதற்காக அப்படி எண்ணி வைக்கிறார் என்று கேட்டேன். கட்டம் ஒரு எட்டு அகலமானால் பையன்கள் யோசிக்காமல் ஆடிவிடலாம், ஒரு எட்டு குறைந்தால் வெறும் முட்டல் மோதல்தான் என்றார். நாலுக்கு நாலு ஆட விட்டார். பிறகு ஃபார்வேர்டுகளைத் தனியாகப் பிரித்தார். ஒரு பையன் பந்து வாங்கக் காத்து நிற்கிறான். அண்ணன் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைத் தூக்குகிறார். பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் பையன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்லியாக வேண்டும்.

"பொறகால எத்தன?"

"மூணுங்ண்ணா!"

"இப்ப?"

பையன் பந்தையே பார்த்துக்கொண்டு பதில் சொல்லாமல் நின்றான். பந்து காலுக்கு வந்துவிட்டது. அண்ணன் பந்தை எடுத்துத் திரும்பக் கொடுத்து, "பந்து எங்கியும் ஓடிப் போகாது சாமி. நீ மொதல்ல வீட்டச் சுத்திப் பாத்துட்டு வா" என்றார். அடுத்த பந்துக்கு அந்தப் பையன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். ஒரு காலத்தில் என் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தவர், இப்போது தோளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார். ஸ்டாப்பராக இருந்த எனக்கு அதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்த ஒன்பது பேரில் ஆனைமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். பல வாரமாகப் பெஞ்சில்தான் இருக்கிறான், யாரோடும் பேசுவதில்லை. அண்ணன் அடுத்த ஆட்டத்தில் அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நோட்டையும் பென்சிலையும் அவன் கையில் கொடுத்துவிட்டார். அந்த ஸ்டாப்பர் பந்து மேலே வந்தால் எந்தக் காலில் எழும்புகிறான் என்று எழுது என்றார். எழுபது நிமிஷத்துக்கு மேல் அவனை இறக்கினார்கள். தான் எழுதியதை வைத்து, அந்த ஸ்டாப்பர் எழும்ப முடியாத பக்கமாகவே போய் நின்றான். அவன் கோல் அடிக்கவில்லை. அவனை நெருக்கப் போய்த்தான் கார்னர் கொடுத்தார்கள், கார்னரில் வேறொருவன் தலையால் முட்டிக் கோல் போட்டான். பேப்பரில் முட்டியவன் பெயர்தான் வந்தது. அண்ணன் நோட்டில் ஆனைமலைப் பையன் பெயருக்கு நேரே தேதி போட்டு, "கார்னர் இவனுடையது" என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை அவனிடம் காட்டியும் இருக்கிறார்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. ஒரு கல்யாணத்துக்காக ஊரில் இருந்தேன். அண்ணனும் நானும் கோவை நேரு ஸ்டேடியத்துக்குப் போனோம். பெயரில் சென்னை இருந்தாலும் கோவையைத் தன் ஊராக்கிக்கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி, ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் பட்டத்துக்கு ஒரே ஒரு ஆட்டம் தள்ளி நின்றது. தலைமைப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். என்னோடு இங்கே வேலை செய்கிறவர்கள் கோயம்புத்தூர் எங்கே இருக்கிறது என்று கேட்டதே அவரால்தான். எதிரணி மினெர்வா பஞ்சாப். ஜெயித்தால்தான் நிச்சயம், ஏனென்றால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது, ஒரே ஒரு புள்ளிதான் பின்னால். ஆரம்பித்த சில நிமிஷத்திலேயே மினெர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை 0-1. கூட்டம் வாயடைத்துப் போய் இருந்தது.

இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது. உருகுவேக்காரர் பெட்ரோ மான்சி பந்தை வைத்துக்கொண்டிருக்கிறார், அந்த சீசனில் 21 கோல் போட்டவர். ஸ்டேடியமே அவரைப் பார்க்கிறது. நான் திரும்பிப் பார்க்கிறேன், அண்ணன் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே இறங்கத் தயாராக உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கிற பையன்களை. கோல் என்ற சத்தத்தில்தான் மைதானத்துப் பக்கம் திரும்பினார். அப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல், அவர் பின்வரிசை ஆட்டக்காரர். 3-1. ஈஸ்ட் பெங்காலும் கோழிக்கோட்டில் ஜெயித்துவிட்டது, அதனால் 43க்கு 42 என்று ஒரே புள்ளியில் பட்டம் கோவைக்கு வந்தது. என் வாழ்நாளில் கொங்கு நாட்டு மண்ணில் இப்படி ஒரு ஃபுட்பால் சாயங்காலம் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கூட்டம் கலையும்போது அண்ணனிடம், மான்சி பெனால்டி எடுக்கும்போதுகூட ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "அவரு அடிச்சுருவாரு தம்பி. அவரையப் பாக்கறதுக்கு ஆயிரக்கணக்குல ஆளு இருக்குது. அந்தப் பெஞ்சுல இருக்கற பசங்க மொகத்தப் பாத்தியா? ஒருத்தன் கண்ண மூடிட்டு நின்னான். அவன் அடுத்த வருசம் நல்லா வருவான், பாரு" என்றார். யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது வாரத்தில் நாலு நாள் கிளப் வேலை. மீதி நாளில் பொள்ளாச்சியில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அதில் பாதிக்குமேல் பெண் பிள்ளைகள். அங்கேயும் தலைமைப் பயிற்சியாளர் வேறொருவர், நம் பள்ளியில் படித்த ஒரு தங்கச்சி. அண்ணனைவிட இருபது வயது இளையவர். எப்படி ஆடுவது என்று முடிவு செய்வது அவர், கோன் வைப்பது அண்ணன். "அந்தப் புள்ளைக்கு என்னயவிடப் பொறும எச்சு. நான் பொறகால நின்னாப் போதும்" என்கிறார்.

நம் சங்கத்தின் சார்பில் என்ன வேண்டும் என்று கேட்டேன். நினைவுக் கேடயம், பொன்னாடை எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வேண்டுவது நாலாம் நம்பர் பந்து. பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம் இருக்கும். அதைப் பத்து வயதுப் பிள்ளை காலில் கொடுத்தால் உதைக்கத்தான் கற்றுக்கொள்ளும், ஆடக் கற்றுக்கொள்ளாது என்பது அவர் வாதம். இரண்டு நிறத்தில் பனியன்கள், தூக்கி வைக்கிற மாதிரி சின்ன கோல்போஸ்ட் இரண்டு ஜோடி. டவுன் பஸ்ஸில் பெண் பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை, ஆனைமலைப் பக்கமிருந்து லீவு நாளில் வரும் பையன்களுக்கு மட்டும் பஸ் காசு. இவ்வளவுதான் பட்டியல். கொடுக்க விரும்புகிறவர்கள் நம் கிளைப் பொருளாளரிடம் மலர் வெளியீட்டு விழாவிலேயே கொடுக்கலாம்.

பந்து வாங்குகிறவர்களுக்கு அண்ணன் ஒன்று சொல்லச் சொன்னார். பாதிப் பந்துகளை ஆரஞ்சு நிறத்தில் வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் பிள்ளைகளை வால்பாறைக்குக் கூட்டிக்கொண்டு போய் எஸ்டேட் பிள்ளைகளோடு ஆட விடப் போகிறாராம். மேலே சாயங்காலம் மூடுபனி இறங்கினால் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியாது.